கொல்லுப்பட்டறைப் பழக்க வகுப்பு, திருகோணமலை: முதலில் நெருப்பா, பிடியா?

#1 உப்புவெளி_வாசி

வணக்கம். தம்பலகாமப் பக்கத்து ஆசாரியார் ஒருவர் பழக்கித்தரச் சம்மதித்திருக்கிறார். இரும்பு வேலையோடு பிடி செதுக்குவது, தோலுறை தைப்பது, கடகம் (பனையோலைப் பெட்டி) பொத்துவது, கயிறு திரிப்பது என்று நாலைந்து கைவேலை தெரிந்தவர். பழக வருகிறவர்கள் 8 பேர். 6 சனிக்கிழமை, நாளுக்கு 5 மணித்தியாலம். இடம் தகரக் கூரை போட்ட கொட்டில், மூன்று பக்கம் திறந்தது, சிமெந்துத் தரை, மின்சாரம் உண்டு.

கேட்க வேண்டியது மூன்று. உலையை எப்படி அமைப்பது? முதல் நாள் எதைச் செய்ய விடுவது? கத்திக்கு எந்த இரும்பு? ஆசாரியார் “எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். ஆனால் சாமான் வாங்கிப் போடுகிறது நாங்கள்தான்.

#2 சம்மட்டி

சிமெந்துத் தரையில் நேரே நெருப்பு மூட்டாதீர்கள். சிமெந்துக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகித் தரை வெடித்துத் தெறிக்கும். சீமெந்துக் கல்லால் முழங்காலுக்கு மேலே வருகிற உயரத்தில், 60 செ.மீ. அளவில், ஒரு பெட்டி கட்டி உள்ளே மண் நிரப்புங்கள். மேல் 15 செ.மீ. மட்டும் பூச்சு மண்: புற்றுமண் 3 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு, உமி 1 பங்கு. பிசைந்து இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுப் பூசுங்கள். நிழலில் ஒரு கிழமை காய வேண்டும். வெடிப்பு வரத்தான் செய்யும், அதே மண்ணைக் கரைத்து அடைக்கலாம். முதல் நெருப்பு சுள்ளி நெருப்பாக இருக்கட்டும். எடுத்தவுடனே ஊதினால் பூச்சு பாளம் பாளமாகப் பிரியும்.

குழி 30 செ.மீ. நீளம், 10 அகலம், 10 ஆழம். காற்று பக்கவாட்டில் வரட்டும். ஒன்றரை அங்குலக் கறுத்த இரும்புக் குழாய் போதும், நுனியை மண்சுவருக்குள் 2 செ.மீ. உள்வாங்கி வையுங்கள், அப்போதுதான் மூக்கு எரிந்து போகாது. வெள்ளைப் பூச்சுள்ள தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம், துத்தநாகப் புகை வரும்.

பழகுகிறவர்கள் எல்லாரும் விடுகிற பிழை ஒன்று: இரும்பைக் காற்று மூக்குக்கு நேரே, கரியின் அடியில் செருகுவது. அங்கே எரியாத காற்று மிச்சம் இருக்கும். இரும்பு சூடாகிற வேகத்திலேயே செதிலும் கட்டும். இரும்புக்குக் கீழே ஒரு கை அகலம் கரி, மேலே நாலு விரல் கரி, மூக்கிலிருந்து 6 செ.மீ. தள்ளி. அதுதான் உலையின் வயிறு.

ஆட்டுத்தோல் துருத்தி கிடைத்தால் பார்வைக்கு வையுங்கள். வகுப்புக்குக் கையால் சுற்றுகிற ஊதி நல்லது. மின்சார ஊதி போட்டால் நடுவில் அடைப்புத் தகடு கட்டாயம். காற்றை நிறுத்தாமல் அடைகல்லுக்கு (இரும்பை வைத்து அடிக்கிற கட்டிக்கு) போய்விடுவார்கள், திரும்பி வரும்போது அடுத்தவனின் இரும்பு பூவாணம் விட்டுக்கொண்டிருக்கும்.

கரி: சிரட்டைக்கரி. 2 முதல் 3 செ.மீ. துண்டாக உடைத்து, தூளைச் சலித்து எறிந்துவிட்டுப் பாவியுங்கள். சூடு அதிகம், சாம்பல் குறைவு. ஆனால் காற்று நின்றால் சுணங்கிவிடும். மூட்டுவதற்கு மட்டும் மரக்கரி. பழகுகிறவர்கள் கையில் ஓர் உலைக்கு மணித்தியாலத்துக்கு ஒன்றரை இரண்டு கிலோ போகும், ஆகவே நாளுக்கு 10 கிலோ என்று கணக்குப் போடுங்கள்.

அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு தேடுவீர்கள் என்று தெரியும். விற்பனைச் சீட்டு இல்லாத துண்டைத் தொடவேண்டாம், அது அரச சொத்து. கிடைத்தாலும் படுக்கப் போட்டு அடிக்காதீர்கள். நடு இடுப்பு மெல்லியது, அடியைத் துள்ளலாகத் திருப்பித் தரும். நட்டமாக நிறுத்தி வெட்டுமுகத்தில் அடித்தால் முழு எடையும் அடிக்குக் கீழே நிற்கும். பழைய இரும்புக்கடையில் 30 கிலோவுக்கு மேற்பட்ட கட்டி இரும்பு எது கிடைத்தாலும் சரி. புளியங்குற்றியில் நாலு விரல் ஆழத்துக்குக் குடைந்து இறக்குங்கள்.

#3 தம்பலகாமத்தான்

உலைக்கு முன்னால் ஒன்று. முதல் நாள் நெருப்பே வேண்டாம். பிடியில் தொடங்குங்கள்.

பட்டறைக்கு வருகிற மண்வெட்டி, கோடரி, கத்தி பத்தில் ஆறுக்கு இரும்பில் பழுது இல்லை. பிடி ஆடுது, இல்லாட்டி பிடி வெடிச்சுப் போச்சு. அதைத் திருத்தத் தெரியாதவன் எவ்வளவு நல்ல அலகு அடிச்சும் பலன் இல்லை. ஒவ்வொருவரும் வீட்டில் கிடக்கிற ஆடுகிற மண்வெட்டி ஒன்றைக் கொண்டுவரட்டும்.

மரம் பற்றி. எங்கட ஊர்ப் பெயரையே வெளிநாட்டுக்காரர் வைத்த மரம் இருக்கு: சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. திருகோணமலை மரம் என்ற பெயரில் கப்பலேறிப் போய், சென்னைக் கரையில் அலைக்குள்ள ஓடுகிற மசூலாப் படகுக்குப் பயன்பட்டது. நேர்நார், வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். பிடிக்கு அதைவிட வேற மரம் எனக்குச் சொல்லத் தெரியாது. காட்டில் வெட்டப் போகாதீங்க, மரக்காலையில் அறுத்து மிஞ்சின துண்டு கேளுங்க. பூவரசும் நல்லது, பாரம் குறைவு, சுத்தியல் பிடிக்குச் சுகம். பாலை இரும்பு மாதிரி, ஆனால் கையை உதறும், வெடிக்கும். அதைக் கொட்டாப்புளிக்கு வைச்சுக்கொள்ளலாம். முதிரை பார்க்க வடிவு, தூள் பட்டால் சில ஆக்களுக்குத் தோல் அரிச்சுத் தடிக்கும். மூடின இடத்தில் முதிரையை அரம் போட விடாதீங்க.

வாளால் அறுத்த சட்டத்தில் நார் பக்கவாட்டில் ஓடி வெளியேறும். பிடி வெடிக்கிறது அந்த இடத்தில்தான். கோடரியால் பிளந்து எடுத்த துண்டில் நார் நுனிக்கு நுனி போகும். பிளந்த துண்டை வாங்கி, வாய்ச்சியால் எட்டுப் பட்டையாக்கி, பிறகு உருட்டுங்க.

இன்னும் ஒன்று, இது எங்கட கரைக்கு முக்கியம். மாரியில் மரம் ஈரம் குடிச்சு ஊதி நிற்கும். அப்ப இறுக்கின பிடி கச்சான் காற்று (வரண்ட தென்மேல் காற்று) தொடங்கினதும் சுருங்கி ஆடும். அதனால் செதுக்கின பிடியை உலைக்கு மேலே புகையில் இரண்டு கிழமை தொங்கவிட்டு, காய்ஞ்ச பிறகுதான் பூட்ட வேணும். ஆடுகிற பிடியைத் தண்ணீரில் ஊறப்போடுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கு. ஊதின மரம் இரும்புக் கண்ணுக்குள்ள நசுங்கும். காய்ஞ்சால் முன்னையைவிட இரண்டு மடங்கு ஆடும்.

#4 கரிக்கை

அண்ணன் சொல்வது சரி, ஆனால் பழக்குகிற முறை அதுவல்ல. கொல்லுப்பட்டறை என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு முதல் நாள் முழுக்க மரம் செதுக்க விட்டால் இரண்டாம் சனிக்கிழமை 8 பேரில் 3 பேர்தான் வருவார்கள். முதல் நாள் ஆளுக்கொரு கொக்கி. அது போதும்.

8 மி.மீ. மென்னிரும்புக் கம்பி, 30 செ.மீ. கட்டிடக் கம்பி வேண்டாம், வரியோடு உள்ளது, அந்த வரி மடிந்து வெடிப்பாக மாறும். நுனியைச் செம்மஞ்சள் நிறம் வரும்வரை சூடாக்கவும். அடைகல்லின் தூர விளிம்பில் வைத்து, நுனியை நாற்பட்டையாக அடிக்கவும், ஓரடிக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பி. நாற்பட்டையாகவே 4 செ.மீ. நீளத்துக்குக் கூராக இறக்கி முடித்த பிறகு மூலையைத் தட்டி எண்பட்டை, அதன் பிறகு வட்டம். நேரே வட்டமாக உருட்டி அடிக்கிறவனின் நுனி நடுவில் பிளந்து துடைப்பம் மாதிரி விரியும். வெளித்தோல் நீள்கிறது, நடு நீளவில்லை, அதுதான் காரணம். பிளந்தால் திரும்ப ஒட்டுவது பற்றி யோசிக்காதீர்கள், வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பிறகு நுனியில் சின்னச் சுருள், கொம்பில் (அடைகல்லின் கூம்பு முனையில்) வளைவு, மறுமுனையைத் தட்டையாக்கி ஆணித்துளை. துளையைச் சூட்டிலேயே துளையுளியால் ஒரு பக்கம் முக்கால்வாசி அடித்து, திருப்பிப் போட்டால் கறுத்த பொட்டு ஒன்று தெரியும். அதன்மேல் உளியை வைத்து ஓரடி. சுருக்கமாகச் சொன்னால் நீட்டல், வளைத்தல், தட்டையாக்கல், துளைத்தல் நாலும் ஒரே கொக்கியில் வந்துவிடும்.

சுத்தியல் 800 கிராமிலிருந்து 1 கிலோ. 2 கிலோச் சுத்தியலைத் தூக்குகிற இளம் பெடியன்கள் அரை மணித்தியாலத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

#5 உப்புவெளி_வாசி

சம்மட்டி அண்ணன், தம்பலகாமத்தான் அண்ணன், கரிக்கை, மூவருக்கும் நன்றி. கத்திக்கு லொறியின் வில்லுத்தகடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? இன்னொரு கேள்வி, சிரிக்க வேண்டாம்: புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலை உருக்கி இரும்பு எடுக்க முடியாதா? ஒரு மாணவர் விடாமல் கேட்கிறார்.

#6 கிண்ணியா_நானா

கறுப்பு மணல் விசயத்தை முதல்ல முடிச்சிடுவம். அது இல்மனைட். இரும்பும் தைத்தேனியமும் ஒக்சிசனோட சேர்ந்த கனிமம். சின்ன உலையில போட்டா தைத்தேனியம் கசடைக் குழம்பாக்கி, இரும்பைப் பிரிய விடாது. தெற்கே சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவுல துருத்தி இல்லாம, தென்மேல் பருவக்காற்றை மட்டும் வச்சு உருக்கு எடுத்த பழைய உலைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கு, ஆயிரம் வருசத்துக்கு மேல பழசு. அது வேற தாது, வேற கதை. பெடியனுக்கு அதைச் சொல்லி அனுப்புங்க.

வில்லுத்தகடு நல்ல இரும்புதான். பெரும்பாலும் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேல கரியும், கூடவே மங்கனீசும் குரோமியமும் உள்ள உருக்கு. ஆனா ஓடித் தேய்ஞ்ச தகட்டுல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். தகடு ஒண்டோடொண்டு உரசின இடம், நடு ஆணித்துளை, உறுதிக் கட்டுப் போட்ட இடம், இந்த மூணையும் வெட்டி எறியுங்க. மிச்சத்தைக் கயிறுல தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்க. மணிச்சத்தம் வந்தா சரி, செத்த சத்தம் வந்தா வேணாம். வெடிப்புள்ள இரும்பு தோய்ச்சல் (சூடான இரும்பைத் தண்ணியிலயோ எண்ணெயிலயோ அமிழ்த்தி இறுக்கிறது) நேரம்தான் உண்மையைச் சொல்லும், அதுக்குள்ள ரெண்டு நாள் உழைப்புப் போயிடும்.

கணக்கு: 6 செ.மீ. அகலம், 7 மி.மீ. தடிப்புள்ள தகட்டுல 20 செ.மீ. துண்டு கிட்டத்தட்ட 650 கிராம். காட்டுக்கத்தி ஒண்டுக்குக் காம்போட (பிடிக்குள்ள போற பகுதி) சேர்த்து அது போதும்.

அரம் பழசாப் போனா நல்ல கத்தி இரும்பு. ஆனா பல்லை முழுக்கத் தேய்ச்சு எடுத்திட்டு அடிக்கணும், இல்லாட்டி ஒவ்வொரு பல்லும் மடிஞ்சு உள்ளுக்குள்ள வெடிப்பா நிக்கும். இப்ப வர்ற மலிவு அரத்துல மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ள மென்னிரும்பு. ஓரத்தைக் கொஞ்சம் உடைச்சுப் பாருங்க.

கட்டாயமா ஒண்டு. பழைய இரும்புக் குவியல்ல எறிகணைக் கோது, என்னவெண்டு தெரியாத உருளை, ரெண்டு பக்கமும் அடைச்ச குழாய், வண்டியின் அதிர்வு தாங்கி, இதுகள் இருந்தா கை வைக்காதீங்க. எங்கட மாவட்டத்துல இதைச் சொல்லித்தான் ஆகணும். அடைச்ச குழாய் வெறுங்குழாயா இருந்தாலும் உலைக்குள்ள வெடிக்கும்.

#7 பழைய_தோய்ச்சல்

தண்ணீர்த் தோய்ச்சலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. காலங்காலமாகக் கத்தி, கோடரி எல்லாம் தண்ணீரில்தான் தோய்த்தது. எண்ணெய் என்பது இணையத்தில் பார்த்துப் பழகிய பழக்கம். வில்லுத்தகடும் தண்ணீரில் நிற்கும்.

#8 சம்மட்டி

நிற்கும், எப்போது நிற்கும் என்று சொல்லவேண்டும் ஐயா. பழைய பட்டறைகளுக்கு வந்த உருக்கு வெறும் கரி உருக்கு. அது இறுக வேண்டுமானால் வேகமாகக் குளிர வேண்டும், தண்ணீர் தேவை. வில்லுத்தகட்டில் குரோமியமும் மங்கனீசும் இருப்பதால் மெதுவாகக் குளிர்ந்தாலும் இறுகும். தண்ணீரில் போட்டால் மெல்லிய வாய் (கூர்ப்பக்கம்) முதலில் இறுகி விரிகிறது, தடித்த முதுகு பிறகு விரிகிறது. அந்த இழுபறியில் வாயிலிருந்து முதுகை நோக்கி முடி மாதிரி ஒரு கீறு. சில வேளை தோய்த்த உடனே ‘டிங்’ என்று கேட்கும், சில வேளை அடுத்த நாள் காலையில்தான் தெரியும்.

நீங்கள் சொல்கிற பழைய முறை முழுக் கத்தியையும் அமிழ்த்துவதல்ல. வாயை மட்டும் இரண்டு விரல் ஆழத்துக்கு, முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டு தோய்ப்பது. அசைக்காமல் ஒரே மட்டத்தில் பிடித்தால் தண்ணீர்க்கோட்டிலேயே வெடிக்கும். கை பழகிய ஆசாரியார் அதைச் செய்யட்டும், 8 பழகுநர்கள் செய்ய வேண்டாம். அவர்களுக்கு எண்ணெய்.

ஒழுங்கு இப்படி. அடித்து முடித்த கத்தியை மங்கல் செம்மஞ்சளுக்குச் சூடாக்கிக் காற்றோட்டமில்லாத நிழலில் ஆறவிடுங்கள், மூன்று முறை. அடியின் இழுவிசை அதில் அடங்கும். பிறகு தோய்ச்சல். மாலை மங்கலில் செய்யுங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும். கம்பியில் காந்தம் கட்டித் தொட்டுப் பாருங்கள். 770 பாகையில் காந்தம் ஒட்டுவதை விட்டுவிடும். அங்கேயே தோய்க்காதீர்கள், இன்னும் ஒரு நிழல் சிவப்பு ஏறட்டும், 830 அளவு. தேங்காயெண்ணெயோ பொரித்த எண்ணெயோ 5 லீற்றர், இரும்புப் பாத்திரத்தில், மூடியோடு. கை பொறுக்காத அளவுக்கு, 50 முதல் 60 பாகை, முதலே சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக நின்று மெதுவாகக் குளிர்விக்கும், சுட்ட எண்ணெய்தான் இறுக்கும். இயந்திரக் கழிவெண்ணெய் வேண்டாம், அதன் புகை நஞ்சு.

இறுகியதா என்று பார்க்க அரத்தை வாயில் ஓட்டுங்கள். கண்ணாடியில் போல வழுக்க வேண்டும்.

இனிப் பதம், அதாவது இறுகிய அலகு நொறுங்காமல் இருக்க மிதமாகச் சூடாக்குவது. வாயைச் செங்கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, முதுகுப் பக்கத்தைச் சூடான கட்டி இரும்பின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் வைக்கோல் நிறம் (220), பிறகு தவிட்டு நிறம் (250), ஊதா (275), நீலம் (300). நிறம் முதுகிலிருந்து வாய்க்கு ஓடிவரும். சமையல் கத்தி வைக்கோலில், காட்டுக்கத்தி தவிட்டிலிருந்து ஊதாவுக்குள், மண்வெட்டி வாய் நீலத்தில். வந்த உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு கண் இமைக்கிற நேரத்தில் ஊதா நீலமாகிவிடும், மறுபடி தோய்ச்சலிலிருந்து தொடங்கவேண்டி வரும்.

#9 பழைய_தோய்ச்சல்

வாயை மட்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த முறையில் முதுகில் மிச்சமிருக்கிற சூடே பதத்தையும் பார்த்துக்கொள்ளும், தனியாகச் சூடேற்றத் தேவையில்லை. தோய்த்து எடுத்து, செங்கல்லில் நாலு இழுப்பு, நிறம் வருவதைப் பார்த்து முழுவதையும் தண்ணீரில் இறக்குவது. ஆசாரியாரிடம் அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பழகுநர்களுக்கு அது காட்சி, கைவேலை அல்ல என்பது சரி.

#10 தம்பலகாமத்தான்

தாக்கத்தியை (நெல் அறுக்கிற பல் அரிவாள்) ஏன் ஒருவரும் எழுதவில்லை? வெட்டு மெசின் வந்த பிறகு தேவை குறைஞ்சது உண்மை. ஆனால் மெசின் இறங்காத சேற்று மூலையும் சாய்ஞ்ச பயிரும் இன்னும் கையால்தான். பழக்கத்துக்கு இதைவிட நுணுக்கமான வேலை இல்லை.

அலகு மெல்லிசு, முதுகில் 2 மி.மீ. வாய்க்கு இன்னும் மெல்லிசு. வளைவைச் சூட்டில் எடுத்து, அலகை மென்மையாக்கி ஆறவிட்டு, அதன் பிறகுதான் பல். கூரான தட்டுளியைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஒரு பக்கத்தில் மட்டும் கீறு விழுத்துவாங்க, ஒரு மி.மீ. இடைவெளி, கீறு பிடிப் பக்கம் பார்த்துச் சரியும். இழுக்கும்போது வெட்ட வேணும் என்கிறதால அந்தச் சரிவு. கீறு இல்லாத மற்றப் பக்கத்தைத் தேய்ச்சுத்தான் கூர் எடுக்கிறது. தேயத் தேய ஒவ்வொரு கீறின் நுனியும் புதுப் பல்லாக வெளியில் வரும். பல் போட்ட பக்கத்தைத் தேய்ச்சால் இரண்டு தீட்டில் தாக்கத்தி வெறும் கத்தி. அலகை ஈயக் கட்டியின் மேல் வைத்து உளி போடுங்க, அடைகல்லில் வைத்தால் பின்பக்கம் நசுங்கும்.

கத்திக்குப் பிடி பூட்டுவது. காம்பு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் துளையுங்க. காம்பை மங்கல் சிவப்பாக்கி அழுத்த, மிச்சத்தை அதுவே எரிச்சு இடம் எடுக்கும். அந்த நேரம் அலகில் ஈரச்சாக்கு சுத்தியிருக்க வேணும், இல்லாட்டிப் பதம் போயிடும். எரிஞ்ச கரியைச் சுரண்டி வெளியே தட்டுங்க, கரி இருந்தால் ஒட்டாது. அரக்கு இரண்டு பங்கு, நயமான செங்கல் தூள் ஒரு பங்கு, உருக்கி ஊற்றிக் காம்பை இறக்குங்க. அரக்குத் தனியாக ஊற்றினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், தூள்தான் தாங்குது. பூண் பித்தளைக் குழாயில் 15 மி.மீ. துண்டு. பிடி வாயைவிட மயிரளவு சின்னதாக இருந்து, தட்டி ஏற்ற வேணும்.

தேங்காயெண்ணெய் பூசிய பிடி காயவே காயாது, பிசுக்குப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக மூன்று பூச்சு. துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவிடுங்க.

#11 நாரும்_தோலும்

இரும்புக்காரர்கள் உறையை மறந்துவிட்டீர்கள். ஆட்டுத்தோல் உறைக்கு உதவாது, கத்தி கிழித்துக்கொண்டு தொடையில் இறங்கும். மாட்டுத்தோல், 3 மி.மீ., ஆவாரம்பட்டை போன்ற பட்டையில் பதனிட்டது. ஈரப்படுத்தி அலகில் அழுத்தினால் வடிவம் பிடித்து நிற்பது இந்தத் தோல்தான். பதனிட்ட வாசனையும் உப்பும் போகாத தோலை வாங்காதீர்கள்.

இரண்டு தோலுக்கும் நடுவில், வாய்ப்பக்கம், ஒரு விரல் அகலத்துக்கு இடைவார் வைத்துத் தைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கத்தியின் வாய் நேரே நூலில் படும். பத்துத் தடவை கத்தியை உருவினால் தையல் போய்விடும். துளை 5 மி.மீ. இடைவெளி, ஊசி இரண்டு, ஒரே நூலின் இரு முனையிலும், ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். உறையின் நுனியில் சின்னத் துளை விடுங்கள், தண்ணீர் வடிய.

இந்தக் கடற்காற்றில் கத்தியை உறைக்குள் வைத்துப் பூட்டி வைக்கக் கூடாது. உறை எடுத்துச்செல்ல மட்டும். வீட்டில் வெளியே, எண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள்.

கடகம் பழக்குவதென்றால் கரி அள்ளுகிற கடகத்தையே பழக்குங்கள், அதே பட்டறையில் பயன்படும். உள்ளே குருத்தோலை, வெளியே சார்வோலை (முற்றிய ஓலை), இரட்டைப் பின்னல். ஓலையை முதல் நாள் மாலையே நனைத்துச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். அன்றைக்கு நனைத்தால் மடிப்பில் முறியும், கூட ஊறினால் காய்ந்த பிறகு பின்னல் தளரும். விளிம்பு பொத்துவதற்குப் பனைமட்டை நார். அதுதான் பாரத்தைத் தாங்குகிறது, பின்னல் அல்ல. சூடான கரியை அள்ளக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லுங்கள்.

#12 கரிக்கை

பாதுகாப்பு, ஒரே மூச்சில். பருத்திச் சட்டை, முழுக்கால் பருத்திக் காற்சட்டை. நைலோன் துணியில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். சாரம் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது ஆசாரியாருக்குச் சரி, புது ஆளுக்கு அல்ல. மூடிய தோல் சப்பாத்து, காற்சட்டையின் கால் சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் பொறி உள்ளே போகும். கண்ணாடி எல்லாருக்கும், பார்க்க வந்தவர்களுக்கும். கிறைண்டர் பிடிக்கிற ஆளுக்குத் துணிக் கையுறை வேண்டாம், இழுத்துக்கொள்ளும். கீழே கிடக்கிற எந்த இரும்பும் சூடானது என்றே நினைக்கப் பழக்குங்கள். கறுத்த இரும்பு 400 பாகையிலும் கறுப்பாகத்தான் இருக்கும். புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகு தொடுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடவும். அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடுகு வேலி இருந்தால் அன்றைக்கு நனைத்து வையுங்கள்.

#13 கொட்டியாரம்

எல்லாரும் எழுதினதை வாசிச்சால் ஒரு கணக்கு இடிக்குது. 8 பேர், 5 மணித்தியாலம், ஓர் உலை. ஓர் உலையில் ஒரே நேரம் இரண்டு பேருக்கு மேல் நின்றால் ஒருவன்ர இரும்பு எரியும், மற்றவன் அடிச்சுக்கொண்டு நிற்பான். அப்ப ஆறு பேர் சும்மா நிற்பினம். இரண்டு உலை வைத்தாலும் நாலு பேர் சும்மா. அந்த நாலு பேருக்குத்தான் பிடியும் தோலும் ஓலையும்.

ஆகவே தம்பலகாமத்தான் அண்ணன்ர பிடியா, கரிக்கையின்ர கொக்கியா என்கிற சண்டையே தேவையில்லை. இரண்டு உலை, இரண்டு அடைகல், நாலு பேர். ஒரு வாங்கில் பிடி, இரண்டு பேர். பாயில் தோல் அல்லது ஓலை, இரண்டு பேர். 75 நிமிசத்துக்கு ஒரு மாற்றம், நாளுக்கு நாலு மாற்றம். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இரண்டரை மணித்தியாலம் நெருப்பு கிடைக்கும். அதுக்கு மேல் புது ஆளுக்குக் கை தாங்காது.

ஒரு சிக்கல்: ஆசாரியார் ஒருவர், இடம் மூன்று. நெருப்புப் பக்கம்தான் அவர் நிற்க வேணும். பிடிப் பக்கத்துக்கு மரவேலை தெரிஞ்ச ஒருவரை உதவிக்கு வையுங்கோ. தையல் ஒருமுறை காட்டினால் தானாக ஓடும்.

#14 உப்புவெளி_வாசி

இது பிடித்திருக்கிறது. மாதம்? தை மாதம் தொடங்கலாமா? இன்னொன்று: ஒருவர் மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடுவதையும் காட்டச் சொல்கிறார்.

#15 தம்பலகாமத்தான்

தை வேண்டாம் தம்பி. மழை முழுக்க விட்டிருக்காது, கரி ஈரம் குடிச்சு வெடிச்சுத் தெறிக்கும், பிடிமரம் காயாது. அதோட பெரும்போக வெட்டு தொடங்குகிற நேரம், ஆசாரியாருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பங்குனி கடைசி, சித்திரை நல்லது. வைகாசிக்குப் பிறகு கச்சான் உறைக்கும். அப்ப செய்கிறதென்றால் கொட்டிலின் மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் மறைக்க வேணும். உலைப்பொறி காற்றோட போகும், தோய்ச்சலுக்கு நிறமும் தெரியாது.

பட்டம் காட்டலாம், ஆனால் முதலாம் வகுப்புக்கு அல்ல. சில்லின் சுற்றளவைச் சின்ன உருளையால் உருட்டி அளந்து, பட்டத்தை அதைவிடக் குறைத்து வெட்டுகிறது. ஐந்தடிச் சில்லுக்குச் சுற்றளவு 4.7 மீற்றரைத் தாண்டும். பட்டம் மங்கல் சிவப்பில் நாலு செ.மீ. அளவுக்கு நீளும், ஆகவே இரண்டு செ.மீ. அளவில் குறைத்தால் ஏறும், ஆறினதும் எல்லா மூட்டையும் இறுக்கும். கூடக் குறைத்தால் ஆரைக்கால் வளையும், இல்லாட்டி வட்டை (மரச் சுற்று) வெடிக்கும். சுத்திவர எரு வரட்டி அடுக்கி எரிச்சு, நாலு பேர் குறட்டால் தூக்கிப் போட்டு, மரம் பற்ற முதல் தண்ணீர். ஒரு பிழை விட்டால் முழுச் சில்லும் போச்சு.

#16 கிண்ணியா_நானா

தம்பி, இரும்பு வாங்கப் போறதுக்கு முந்தி ஒரு வேலை. வில்லுத்தகட்டுல இருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, எண்ணெயில தோய்ச்சு, குறட்டுல பிடிச்சு உடைச்சுப் பாருங்க. துணியால மூடிக்கொண்டு உடைக்கணும், தெறிக்கும். உள்முகம் நரைச் சாம்பல் நிறத்துல, பட்டுப் போல நயமா இருந்தா அந்தத் தகட்டை எடுங்க. சீனி மாதிரி மினுங்கினா சூடு கூடிப் போச்சு, அடுத்த துண்டை ஒரு நிழல் குறைச்சுத் தோய்ச்சுப் பாருங்க. உடையாம வளைஞ்சா அது வில்லுத்தகடே இல்லை, கடைக்காரர்ட்டத் திருப்பிக் குடுங்க.